தொட்டி மீனும் சட்டி மீனும்

கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனால், சோறு வைக்குமுன் ஒரு கேள்வி வரும்: "நீங்கள் மச்சமா, சைவமா?" ஆடு, கோழி, இறால், நண்டு எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் மச்சம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் மீன். திருமால் மீனாக வந்ததை மச்சாவதாரம் என்கிறோமே, அதே மச்சம்தான். கடல் சூழ்ந்த நாட்டில், உண்ணப்படும் உயிர்கள் எல்லாவற்றுக்கும் மீனின் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. இப்படிப்பட்ட மொழியைப் பேசுகிற வீட்டில் மீனைச் செல்லப் பிராணியாக வளர்ப்பது, யோசித்துப் பார்த்தால், சற்று விசேஷமான காரியம்.

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்கு அருகில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இருக்கிறேன். 17 ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். கூடத்தில் நான்கடி நீளத் தொட்டி. இப்போது அதில் ஏஞ்சல் மீன்கள். அடுப்படியில் வாரத்தில் நாலைந்து நாள் மீன் குழம்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியின் முன் நின்று வாயாரப் புகழ்ந்துவிட்டு மேசைக்கு வருவார்கள். குழம்பைக் கண்டதும் கேட்பார்கள்: "மீன் வளர்த்துக்கொண்டு மீன் சாப்பிட மனம் வருகிறதா?" பெரியவர்கள் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். பிள்ளைகள் சிரிக்காமல் கேட்பார்கள். என் தங்கையின் மகளுக்கு 8 வயது. அவள் தொட்டியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதுவும் அதுவும் சொந்தமா?" என்றாள்.

அவளுடைய கேள்விக்குப் பின்னால் வருகிறேன். முதலில், எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்விக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 'இறைச்சி முரண்' என்பது அந்தப் பெயர். விலங்குகள் வதைபடுவதைப் பெரும்பாலான மனிதர்கள் விரும்புவதில்லை. அதே மனிதர்களில் பெரும்பாலோர் விலங்குகளை உண்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே மனத்துக்குள் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன என்று விசாரிப்பதுதான் இந்தக் கருத்தின் வேலை.

இதற்கு அடித்தளம் 1957இல் லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த ஒரு விளக்கம். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்களை மனம் நெடுநேரம் தாங்காது. செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல அது உறுத்தும். உறுத்தல் போக வேண்டுமானால் செயலை மாற்ற வேண்டும், அல்லது எண்ணத்தை மாற்ற வேண்டும், அல்லது கவனிக்காமல் இருந்துவிட வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் செயலை மாற்றுகிறவர்கள் குறைவு. மற்றவர்கள், தாம் செய்கிறோம் என்று அறியாமலே, எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். "அதற்கு என்ன தெரியப்போகிறது" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் அப்படிப் பிறந்ததுதான்.

இது வெறும் ஊகம் அல்ல. 2010இல் லோக்னன், ஹாஸ்லம், பாஸ்தியன் ஆகிய உளவியலாளர்கள் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவினருக்கு உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டுகளையும், இன்னொரு குழுவினருக்குக் கஜுவையும் கொறிக்கக் கொடுத்தார்கள். பிறகு, விலங்குகள்மீது மனிதர் எவ்வளவு அக்கறை காட்ட வேண்டும், ஒரு மாடு எவ்வளவு மதிப்புக்குரியது என்று இரு குழுவினரிடமும் கேட்டார்கள். இறைச்சியைச் சாப்பிட்டவர்கள் அந்த அக்கறையையும் மாட்டின் மதிப்பையும் குறைத்தே சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பப்புவா நியூகினியில் வாழும் மரக் கங்காரு பற்றி, பெரும்பாலோர் கேள்விப்படாத ஒரு விலங்கைப் பற்றி, சிலருக்கு விவரம் கொடுத்தார்கள். சிலருடைய தாளில் மட்டும் 'அந்த ஊரார் இதை உண்பார்கள்' என்று இருந்தது. அதை வாசித்தவர்கள், அந்த விலங்குக்குத் துன்பத்தை உணரும் ஆற்றல் குறைவு என்று மதிப்பிட்டார்கள். அவர்கள் அதைக் கொல்லவில்லை, உண்ணவுமில்லை. உணவு என்ற பெயர் அதன்மீது ஒட்டப்பட்டதே போதுமானதாக இருந்தது.

நம் மீனின் கதையும் இதுதான். பிறக்கும்போதே அது 'மச்சம்' என்ற பெயரோடு பிறக்கிறது.

போதாக்குறைக்கு, இரக்கத்தைத் தட்டி எழுப்பும் அடையாளங்கள் எதுவும் மீனிடம் இல்லை. ஆடு கத்தும்; கோழி சிறகடித்துத் துடிக்கும். மீன் நம் காதுக்குக் கேட்கும்படி எதுவும் சொல்லாது. கண்ணுக்கு இமை இல்லை, முகத்தில் பாவம் மாறாது, மடியில் வைத்துத் தடவ முடியாது. ஆகவே எல்லா விலங்குகளையும்விட எளிதாக அதை மனம் என்ற ஒன்று இல்லாத பொருளாக வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

தொட்டி வைத்திருப்பவரால் அது முடியாது. சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது.

என்னிடம் முன்பு ஓர் ஒஸ்கார் மீன் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தது. நான் அறைக்குள் வந்தால் கண்ணாடியின் முன்பக்கத்துக்கு வந்து நிற்கும். குழாய் திருத்த வந்தவர் எட்டிப் பார்த்தால் மரத்துண்டின் பின்னால் போய்விடும். கூழாங்கற்களை நான் எப்படி அடுக்கினாலும் இரவோடிரவாகத் தன் விருப்பப்படி வாயால் தூக்கி மாற்றி வைக்கும். நான்கு நாள் யாழ்ப்பாணம் போய்த் திரும்பினால் முதல் நாள் சாப்பிடாது. அதைக் கோபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏதோ ஒன்று. மீன் வளர்க்கிற யாரிடம் கேட்டாலும் இப்படிப் பத்துக் கதைகள் சொல்வார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் மீனினம் ஒன்று, பழக்கப்பட்ட மனித முகத்தைப் பல முகங்களுக்கிடையே அடையாளம் கண்டு அதன்மேல் சரியாக நீரைப் பீய்ச்சியது. தங்கமீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகம் என்ற கதை எப்போதோ பொய்த்துவிட்டது. கற்றதை அது மாதக் கணக்கில் மறப்பதில்லை.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் அவருடைய சகாக்களும் ட்ரௌட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் தரையிலும் தொட்டிச் சுவரிலும் உதட்டைத் தேய்த்தன, உடலை ஆட்டிக்கொண்டே கிடந்தன, வெகுநேரம் உணவைத் தொடவில்லை. இதை வலி என்று ஏற்காத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். மனித மூளையில் வலியை உணரும் மேற்பட்டை மீனுக்கு இல்லை என்பது அவர்களின் வாதம். விவாதம் முடியவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது. பிரித்தானியா 2022இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் மீன்களையும், அவற்றோடு நண்டு, இறால், கணவாய் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனி, சந்தைக்கு வருவோம். காலை ஏழரை மணியளவில் எங்கள் ஒழுங்கைக்குள் "மாலு, மாலு" என்ற குரல் கேட்கும்; சிங்களத்தில் மாலு என்றால் மீன். பேலியகொடைச் சந்தையில் விடியுமுன் எடுத்த மீனை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிற மனிதர். அம்மா கீழே இறங்கிப் போவார். சில நாட்களில் நான் போவேன். மீன் பார்த்து வாங்க எனக்கு அம்மம்மா சொல்லித் தந்தது இரண்டே விஷயம்: கண்ணைப் பார், பூவைத் தூக்கிப் பார். எங்கள் வீட்டில் செவுளைப் பூ என்போம். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும். பூ இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: தொட்டியின் முன் ஒவ்வொரு காலையும் நான் செய்வதும் இதுவேதான். கண்ணில் பனிபடர்ந்தாற்போல் இருக்கிறதா? செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கிறதா? ஒரு பக்கம் மூடியே கிடக்கிறதா? கண்ணும் பூவும்தான் மீனின் நலத்தைச் சொல்லும் இரண்டு இடங்கள். தொட்டியின் முன்னால் அந்தப் பார்வை உயிரைக் காக்கப் பார்க்கிறது. மோட்டார் சைக்கிள் பெட்டியின் முன்னால் அதே பார்வை, உயிர் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று பார்க்கிறது. என் கைக்கும் கண்ணுக்கும் இரண்டு வேலைகளும் தெரியும். வளர்ப்பவரின் உறுத்தல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். அறியாமையால் உண்பவருக்கு இது இல்லை. அறிந்துகொண்டு உண்பவருக்கு இருக்கிறது.

மேலைநாட்டு ஆய்வுகள் சொல்லும் இன்னொரு விளக்கம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 2016இல் நோர்வே ஆய்வாளர்கள் இருவர், வாட்டிய பன்றியைத் தலையோடும் தலை இல்லாமலும் காட்டிப் பார்த்தார்கள். தலையைக் கண்டவர்களுக்கு இரக்கமும் அருவருப்பும் கூடின; உண்ணும் விருப்பம் குறைந்தது. ஆகவே, உணவுக்கும் விலங்குக்கும் உள்ள தொடர்பை மறைத்து வைப்பதால்தான் மனிதர் நிம்மதியாக உண்கிறார்கள் என்றார்கள். கொழும்பில் நாம் எதை மறைக்கிறோம்? தலையோடு வாங்குகிறோம். தலையைக் குழம்பில் போடுகிறோம். அந்தத் தலை யாருக்கு என்பதில் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு. கண்ணை ஒட்டிய சதையை அவர் பேரப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பார். ஆங்கிலத்தில் உயிருள்ள பன்றிக்கு ஒரு சொல்லும் அதன் இறைச்சிக்கு வேறு சொல்லும் இருப்பது போன்ற ஒளிவு தமிழில் இல்லை. தொட்டியில் இருந்தாலும் மீன், சட்டியில் இருந்தாலும் மீன். மறைப்பு நம்மிடம் இருக்கும் இடங்கள் வேறு: டின்மீனில் இருக்கிறது, சம்பலில் இடித்துப் போடும் மாசியில் இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல ஆகும்வரை காயவைத்ததுதான் மாசி. அதைக் கையில் எடுக்கும்போது மீனின் ஞாபகமே வராது. மீனை விட்டுவிட்ட என் தோழி ஒருவர், தான் விரும்பி உண்ட சீனிச் சம்பலில் மாசி இருந்ததை மூன்று மாதம் கழித்தே கவனித்தார்.

அப்படியானால் முகத்தைப் பார்த்துக்கொண்டே உண்கிற நாம் எந்த இடத்தில் கோட்டைப் போடுகிறோம்? இப்போது என் தங்கை மகளின் கேள்விக்கு வரலாம். "இதுவும் அதுவும் சொந்தமா?"

விலங்கியலின்படி, சில நேரம் மிக நெருங்கிய சொந்தம். அன்று அவளுடைய தட்டில் இருந்தது பாரை. அது ஏஞ்சலுக்குத் தூரத்து உறவுதான். திலாப்பியாவாக இருந்திருந்தால் கதை வேறு. 1952இல் நம் நாட்டுக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆபிரிக்க மீன், ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் மீன்கள் எல்லாம் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். அனுராதபுரத்தில் பொரித்து வைக்கிற மீனும் என் கூடத்தில் நீந்துகிற மீனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இன்னும் கேளுங்கள். ஒஸ்காரை அமேசன் கரையில் பிடித்து உண்கிறார்கள். செல்வர்கள் தடாகத்தில் விடுகிற கோய் மீன், ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் உணவுக்காக வளர்த்த கெண்டை. அவற்றில் தற்செயலாக நிறத்தோடு பிறந்தவற்றை அவர்கள் சட்டிக்கு அனுப்பாமல் பிரித்து வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படித் தொடங்கியது அந்த அலங்கார மீன். மீன்கடைகளில் 'ஷார்க்' என்று விற்கிற, பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கிற, வெள்ளி நிறப் பங்காசியஸ் குஞ்சு, வியட்நாமில் பெருமளவில் வளர்க்கப்பட்டு முள் நீக்கிய வெள்ளைத் துண்டுகளாக 'பாசா' என்ற பெயரில் உலகெங்கும் தட்டுகளுக்குப் போகிறது. (அந்தக் குஞ்சை வாங்காதீர்கள். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும். எந்த வீட்டுத் தொட்டியும் அதற்குப் போதாது.)

ஆகவே இனம் கோடு அல்ல. அழகும் கோடு அல்ல. அறக்குளாவின் வெள்ளி மேனிக்கு எந்த அலங்கார மீன் ஈடு? கோடு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் சொந்தம் என்றால் உறவு. சொந்தம் என்றால் நம்முடையது. என் தங்கை மகள் முதல் பொருளில் கேட்டாள். பதில் இரண்டாவது பொருளில் கிடைக்கிறது. தொட்டிக்குள் வந்த மீன் என்னுடையது ஆகிவிட்டது. அதற்கு உணவு தரவும், தண்ணீர் மாற்றவும், நோய் வந்தால் மருந்து கலக்கவும் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒப்புக்கொண்ட பிறகு அதை உண்பது மீனை உண்பது ஆகாது; வாக்கை மீறுவது ஆகும். ஒஸ்கார் செத்த அன்று அது ஒரு நல்ல விளைமீன் அளவு இருந்தது. அம்மா அதைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, பல்கனியில் இருந்த பெரிய சாடியில், நந்தியாவட்டைக்கு அடியில் புதைத்தார். சிக்கனத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. மீன் கழுவிய தண்ணீரைக்கூடக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறவர். அவருக்கும் வேறு எண்ணம் வரவில்லை. (தொட்டி மீனை உண்ணலாமா என்று உண்மையாகவே கேட்பவர்களுக்கு: கூடாது. தொட்டிகளில் கலக்கும் மருந்துகள் மனிதர் உண்ணும் மீனுக்கு உரியவை அல்ல. மலக்கைட் பச்சை போன்றவை உணவு மீன்களில் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டவை.)

இந்தப் பதில் சரியானது என்றே நினைக்கிறேன், ஆனால் முழுமையானது அல்ல. ஏனென்றால் கோட்டுக்கு அப்பால் இருப்பவற்றையும் தொட்டி சும்மா விடுவதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் என் ஏஞ்சல் சோடி ஒன்று இலையில் முட்டையிட்டது. முதல் மூன்று முறையும் முட்டைகளைத் தாங்களே தின்றுவிட்டன. நான்காம் முறை காத்தன. இரண்டும் மாறி மாறி நின்று செட்டையால் நீரை விசிறின; வெளுத்துப்போன முட்டைகளை வாயால் பொறுக்கி அகற்றின; குஞ்சுகள் பொரித்து இலையிலிருந்து விழுந்தபோது ஒவ்வொன்றாக வாயில் எடுத்து மீண்டும் இலையில் ஒட்டின. மூன்று இரவுகள் நான் விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அனுராதபுரத்தில் உறவினர் வீட்டில் திலாப்பியா பொரித்து வைத்தார்கள். அந்த மீனின் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை. "குளத்து மீன் பிடிக்காதா, பிள்ளை?" என்று மாமி கேட்டார். பிடிக்கும் மாமி, இப்போது முடியவில்லை என்றேன். அன்றிலிருந்து திலாப்பியா உண்பதில்லை. பாரையும் சூரையும் உண்கிறேன். சூரை நடுக்கடலில் கூட்டமாக முட்டை சொரிந்துவிட்டுப் போகும் மீன்; அதன் வாழ்வை நான் கண்டதில்லை. காணாததால் அதற்கு வலிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் உண்பதற்குக் காரணம் அதுவல்ல. நான் இந்த வீட்டில், இந்தக் குழம்பில் வளர்ந்தவள்.

இளமையில் செல்லப் பிராணியோடு நெருங்கிப் பழகியவர்கள் பெரியவர்களானதும் இறைச்சியைத் தவிர்க்கும் நாட்டம் கூடுதல் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. எனக்குத் தெரிந்த வளர்ப்பவர்களில் சிலர் மீனை முற்றாக விட்டார்கள். சிலர் ஓரிரு இனங்களை மட்டும் விட்டார்கள். கொட்டாஞ்சேனையில் நான் தாவரங்கள் வாங்கும் கடைக்காரர் எதையும் விடவில்லை; தொட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிச் சோறு உண்பார். ஆனால் உயிரோடு கட்டிய நண்டை மட்டும் வாங்கமாட்டார். நண்டு கடைசிவரை பார்க்கிறது என்பது அவர் சொன்ன காரணம். இவர்களில் யாரையும் போலி என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்த நாட்டு மக்கள் பெறும் விலங்குப் புரதத்தில் ஏறக்குறைய பாதி மீனிலிருந்து வருகிறது. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தபோது, சூடையும் சாளையும்கூடத் தட்டிலிருந்து போன வீடுகளை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். "மீனை விட்டுவிடுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லும் தகுதி கூடத்தில் நான்கடித் தொட்டி வைத்திருப்பவருக்கு இல்லை. பால் கொடுக்கும் தாய்க்குப் பால்சுறா வறை செய்து கொடுக்கிற மரபு எங்களுடையது; மீன் ஒரு தாயின் மருந்தாகவும் இருக்கிறது.

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கும் சைவ உணவுக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொட்டி மீனுக்குப் போடும் குறுணி உணவுப் பொதியைத் திருப்பி, சேர்மானங்களை வாசியுங்கள். பெரும்பாலும் முதலில் இருப்பது மீன்தூள். எங்கோ ஒரு கடலில் பிடித்த சிறுமீன்களைக் காயவைத்து அரைத்தது. பாசியிலும் சோயாவிலும் செய்த உணவுகளும் இருக்கின்றன. கப்பி போன்றவற்றுக்கு அவற்றைக் கலந்து கொடுக்கலாம். ஒஸ்கார் போன்ற ஊனுண்ணிக்கு அது மட்டும் போதாது. ஆகவே எந்தத் தொட்டியை வைக்கிறோம் என்று முடிவு செய்யும்போதே, அதற்காக எத்தனை மீன் சாகும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். அம்மா முதல்நாள் இரவே மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். சென்ற வெள்ளி மாலை தங்கை மகள் வந்திருந்தாள். ஏஞ்சல்களுக்குத் தீனி போடக் குறுணிப் பொதியைக் கையில் எடுத்தவள், எழுத்துக்கூட்டி அதன் பின்பக்கத்தை வாசித்தாள். வாசித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெரியம்மா, அப்படியென்றால் இன்று இவைகளுக்கு மட்டும் மச்சமா?" ஆம் என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, எண்ணி ஏழு குறுணிகளைப் போட்டாள். ஒன்றுகூட அடியில் விழுந்து வீணாகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.